அண்டாவில் ஓடிய படகு மோட்டார்

எங்கள் தெருவில் மோட்டாருக்குக் குறைவில்லை. போர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், தறி மோட்டார், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று விடிந்ததும் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். ஆனால் இராஜபாளையத்தில் படகு மோட்டார் வைத்திருந்த வீடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, இன்னொரு பஸ் ஏற வேண்டிய ஊர் இது. ஆகவே எட்டிப் பார்த்தவர்கள் யாரும் அதைப் படகு மோட்டார் என்று நினைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர், பருத்திக்கு மருந்தடிக்கிற புதுவித இயந்திரம் என்று முடிவு செய்தார். பால்காரர், கரும்பு ஜூஸ் கடை போடப்போகிறீர்களா என்று விசாரித்தார். என் மனைவி மட்டும் குரலைத் தாழ்த்திச் சரியான பெயரைச் சொன்னாள்: "சம்பந்தி வீட்டுச் சனியன்."

அது வந்த விதமே முறைகேடானது. ஆடி மாதத்தில் சீர் போவது பெண் வீட்டிலிருந்து. நான் பெண்ணைக் கொடுத்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் சம்பந்தி, அதாவது என் மாப்பிள்ளையின் தகப்பனார், ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கினார். கையில் வாழைப்பழச் சீப்பு, பூ, ஒரு டப்பாவில் இனிப்பு. பின்னால், சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, இரண்டு பேர் தூக்கி வந்த ஒரு நீளமான பொருள். தூரத்தில் இருந்து பார்த்தபோது, சொல்ல நன்றாக இல்லை, வேறு ஏதோ போல இருந்தது.

சாக்கைப் பிரித்தால் ஒற்றைக் கால் கொக்கு மாதிரி ஓர் இயந்திரம். தலையில் சொம்பைக் கவிழ்த்தாற்போல் பெட்ரோல் டாங்க், அதற்குக் கீழே ஒரே ஒரு சிலிண்டர், நீளமான கால், கால் நுனியில் மூன்று இலை விசிறி. படகின் பின்பலகையில் மாட்டினால் விசிறி தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும். உச்சியில் ஒரு சக்கரம். அதில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் எஞ்சின் ஓட வேண்டும். எப்போது ஓடியது என்று கேட்டேன். "அப்பா இருந்தப்ப" என்றார். அவருடைய அப்பா தூத்துக்குடியில் யாரிடமோ வாங்கி வந்து, சில மழைக்காலம் கண்மாயில் ஓட்டி, பிறகு கடையின் பின்னறையில் போட்டுவிட்டார். சம்பந்திக்குக் கல்யாணச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் தொழில். அத்தனை காலமும் அண்டாக்களுக்கு அடியில் அது கிடந்திருக்கிறது.

என்னிடம் ஏன் கொண்டுவந்தார் என்பதற்குப் பழி என் வாய்மேல்தான். சித்திரையில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போன இடத்தில், பேச வேறு எதுவும் கிடைக்காமல், எஞ்சினும் இருதயமும் ஒன்றுதான், உறிஞ்ச வேண்டும், தள்ள வேண்டும், அவ்வளவே என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இயற்பியல் படித்தவன் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றால் படிப்பெல்லாம் இப்படித்தான் நோயாளிகள்மேல் இறங்கும். அவர் படுக்கையில் கிடந்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு பழக்கம். செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கண்மாய். அதன் மீன் குத்தகையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால், தினமும் விடிகாலையில் ஒரு சிறு ஃபைபர் படகில் துடுப்புப் போட்டு நடுக்கண்மாய்க்குப் போய்விட்டு, கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்புவார். மீனுக்குத் தீனி போட என்று வீட்டில் சொல்லியிருந்தார். டாக்டர் துடுப்பைத் தொடக் கூடாது என்றுவிட்டார். மாப்பிள்ளை, இனிமேல் கண்மாயே வேண்டாம் என்றுவிட்டார்.

"துடுப்புத்தான போடக் கூடாதுன்னாரு டாக்டரு" என்றார் சம்பந்தி, எங்கள் வீட்டுக் காப்பியை ஆற்றியபடி. "மோட்டார் போடக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லலையே."

விதியில் இப்படி ஓட்டை கண்டுபிடிப்பவர்கள்மேல் எனக்குத் தொழில்முறையில் மரியாதை உண்டு. மேலும் கேட்பவர் மாப்பிள்ளையின் அப்பா. "பாத்துருவோம் சம்பந்தி" என்றேன்.

அன்று இரவே மகளிடமிருந்து போன் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் கல்லூரியில் பாடம் நடத்துபவள். எதையும் கரும்பலகையில் எழுதுவது போலத் தெளிவாகப் பேசுவாள்.

"அப்பா, அதச் சரி பண்ணிக் குடுத்துறாதீங்க."

"முடியாதுன்னு சொல்லிறவா?"

"முடியாதுன்னா மாமா வேற ஆளுட்ட கொண்டு போயிருவாரு. உங்ககிட்டயே கெடக்கட்டும். பண்ற மாதிரி பண்ணுங்க."

"எம்புட்டு நாளைக்குட்டி?"

"கம்மாயில தண்ணி வத்துற வரைக்கும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "நடுத்தண்ணியில தனியா ஒக்காந்துருக்கையில நெஞ்சு வலிச்சா யாருப்பா பாப்பாங்க?"

சரி என்றேன். அவள் கேட்ட உதவியோ எனக்குப் புதிதில்லை. பணிக்காலம் முழுவதும் அரசாங்கத்துக்கு நான் செய்துகொடுத்தது அதுதான். மறுப்பது கற்றுக்குட்டியின் வேலை. மறுத்தால் மேல்முறையீடு வரும். தேர்ந்தவன் கூடுதல் விவரம் கேட்பான்.

ஆகவே கூடுதல் விவரம் கேட்டேன். மோட்டார் எந்தத் தேசத்தில் செய்தது? அப்பா பெட்ரோலில் எந்த எண்ணெய் கலந்தார், எந்த விகிதத்தில்? கடைசியாக நின்றபோது தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா? ஒவ்வொரு கேள்வியும் சாதாரணமாக ஒரு மாதம் ஓடக்கூடியது. சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் காப்பி குடித்து முடிக்கும் நேரத்தில் பதில் அனுப்பினார். கடையில் பழைய சாமான்களைக் கிளறி, மூக்குக் கண்ணாடியோடு படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார். இப்படி ஒரு மனுதாரரை நான் பணியில் சந்தித்ததே இல்லை. சந்தித்திருந்தால் முன்கூட்டியே ஓய்வு பெற்றிருப்பேன்.

வேறு வழியில்லாமல் மோட்டாரைக் கழற்றினேன். கழற்றிப் பரப்பிய ஒரு பொருளைப் பார்த்தால் வேலை மும்முரமாக நடப்பதாக எவரும் நம்புவார்கள். அலுவலகத்தில் ரெக்கார்டு அறையை மாற்றி அடுக்குவதாகச் சொல்லி ஒரு கோடைகாலத்தையே கடத்தியிருக்கிறோம். பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கதவைப் போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்.

"எங்க துவைக்க?" என்றாள் மனைவி.

"அந்தப் பக்கம் எடம் இருக்கே."

"அந்தப் பக்கம் நீங்க போன மாசம் கழட்டுன ஃபேன் இருக்கு."

கழற்றியது போட்டபடி கிடந்ததில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு துவாரம் சும்மா இருந்தால் மண்குளவிக்குப் பொறுக்காது. சுவர் பிளக்கிலேயே கூடு கட்டும். நான் வேண்டுமென்றே செய்த தாமதத்தைப் பயன்படுத்திக்கொண்டு கார்புரேட்டருக்குள் மண் சுமக்க ஆரம்பித்தது. வேறு ஊராக இருந்தால் பழைய பேப்பரைத் திணித்திருப்பார்கள். இங்கே அதற்குத் தேவையில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்வது பேண்டேஜ் துணி. தேறாமல் கழிக்கிற சல்லாத் துணி எடைக்குக் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் அதுதான் காப்பி வடிகட்டி, தயிர் மூடி, ஜன்னல் துடைப்பான், சைக்கிள் துடைப்பான் எல்லாம். எங்கள் வீட்டில் ஒரு மூட்டையே இருந்தது. கிழித்து, உருட்டி, மோட்டாரின் ஒவ்வொரு துவாரத்திலும் திணித்தேன். பார்க்க, பெரிய விபத்தில் தப்பிய நோயாளி போல இருந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

தாமதம் இதுவரை விதிப்படி நடந்தது. கெடுத்தது பிஸ்டன்தான்.

பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அசைக்க முடியவில்லை என்பதே என் கைவசமிருந்த பலமான காரணம். ஆனாலும் ஒரு காரணத்தை எழுதும் முன்பு அது உண்மையா என்று பார்த்துவிடுவது என் வழக்கம். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து சிலிண்டரில் ஊற்றி, தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டுவேன். அசையாது. நிம்மதியாக வாய் கொப்பளிப்பேன். ஆவணி முடிகிற சமயம் ஒரு காலையில், வழக்கம்போலத் தட்டியபோது, உள்ளே ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு ஒரு விரல் அகலம் இறங்கியது.

வாயில் பேஸ்ட்டோடு அப்படியே நின்றேன். பிறகு இன்னொரு தட்டு தட்டினேன். இன்னும் இறங்கியது.

அதன்பிறகு என்னால் தாமதப்படுத்த முடியவில்லை என்பதே உண்மை. ரிங்குகளில் படிந்திருந்த கரியைச் சுரண்டினேன். பஜாரில் காயில் கட்டுபவரிடம் கொடுத்து மின்பொறிக்கான காயிலைப் புதிதாகச் சுற்றி வாங்கினேன். பழைய ஸ்கூட்டரின் பிளக் அச்சாகப் பொருந்தியது. தண்ணீர் இழுக்கும் சின்ன ரப்பர்ச் சக்கரம் பொடியாகிப்போயிருந்தது. மில்லுக்கு ரப்பர் சாமான் செய்யும் பட்டறையில் மிச்சமிருந்த துண்டுகளைக் காட்டி ஒன்று வார்த்து வாங்கினேன். பெட்ரோலில் கலக்க, மில்லில் நூல் சுற்றும் கதிருக்குப் போடுகிற எண்ணெய் ஒரு பாட்டில் தருவதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். தையல் மிஷின் முதல் முழங்கால் வலி வரை அந்த எண்ணெய்தான் இங்கே மருந்து. மறுத்துவிட்டு முறையான எண்ணெய் வாங்கினேன். பிளக்கை வெளியே வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்த அன்று, நீல நிறத்தில் ஒரு பொறி விழுந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நம்ம காஸ் அடுப்பு லைட்டர்ல இத விடப் பெருசா வருமே" என்றாள். பிறகு, "புள்ள பண்ணாதீங்கன்னு சொல்லுச்சே?" என்றாள்.

"பண்ணலையே. பண்ற மாதிரித்தான் பண்றேன்."

"இத அவட்ட சொல்லுங்க."

சொல்லவில்லை. மகள் கேட்கும்போதெல்லாம் 'நடவடிக்கையில் உள்ளது' என்றேன். அந்தச் சொற்றொடரில் பொய் கிடையாது. அதற்காகத்தான் அது உருவாக்கப்பட்டது.

இந்த நேரத்தில் சம்பந்தி ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்ப்பார். சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டிருப்பார். நெஞ்சின் நடுவே தையல் தழும்பு தெரியும். எதிரே கதவுப் பலகைமேல் மோட்டாரும் அதே மாதிரி திறந்து கிடக்கும். "உசிரு வந்துருச்சா?" என்பார் ஒவ்வொரு முறையும். எஞ்சினைக் கேட்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் கொட்டியது. கண்மாய் பாதிக்கு மேல் பெருகிவிட்டது என்று சம்பந்தியிடமிருந்து படம் வந்தது. அதே வாரம் நான் மோட்டாரைப் பூட்டி முடித்தேன். ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் சல்லாத் துணியை உருவி எடுத்தேன். இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த வகை மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. காலைத் தண்ணீருக்குள் விட்டால்தான் எஞ்சின் சூடாகாமல் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆழத்துக்கு இருப்பது நகராட்சித் தண்ணீர் பிடிக்கும் தொட்டி ஒன்றுதான். அந்தத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பது வருகிறபோதுதான் தெரியும். நான் தொட்டியை ஒருமுறை பார்த்தேன். நான் பார்த்ததை மனைவி பார்த்தாள்.

"அதுல கால வச்சீங்க" என்று மட்டும் சொன்னாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

சம்பந்தி தீர்த்துவைத்தார். ஞாயிறு காலை மறுபடியும் குட்டி யானை வந்தது. அதில், ஊர்ச் சாப்பாட்டுக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. மகளும் கூடவே இறங்கினாள். முகத்தைப் பார்த்ததும், நடவடிக்கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

"என்னப்பா இது?" என்றாள், அண்டாவைக் காட்டி.

"சோதனைதான். ஓடணும்னு கட்டாயம் இல்ல."

அண்டாவைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, போர்த் தண்ணீரை நிரப்பினோம். விட்டத்தில் ஒரு கட்டையைக் கட்டி, மோட்டாரை அதில் மாட்டி, காலை அண்டாவுக்குள் இறக்கினேன். அண்டாவில் ஓட்டும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும் என்பது முறை. கழற்றப் போனேன்.

"விசிறி சுத்தாம என்னத்தப் பாக்க?" என்றார் சம்பந்தி.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எதிராக முறைகளைச் சொல்ல முடியாது. கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஓடவில்லை. மறுபடி இழுத்தேன். ஒரு புகை. மறுபடி இழுத்தேன். அத்தனை வருஷத் தூக்கமும் ஒரே தும்மலில் கலைந்தது போல மோட்டார் எழுந்தது. அண்டாத் தண்ணீரில் பாதி அதைவிட வேகமாக எழுந்தது. அன்றைக்கு அபூர்வமாக வெயில் அடித்ததால் வாரத் துணி முழுவதையும் மனைவி கொடியில் போட்டிருந்தாள். என் வேட்டிகளில் சாம்பல் நிறக் கோலம் இன்றும் இருக்கிறது. சம்பந்தி தலையிலிருந்து கால்வரை நனைந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்ல மோட்டாரு" என்றார்.

விசிறியைக் கழற்றினேன். மறுபடி நிரப்பினோம். இந்த முறை சத்தம் சீராக வந்தது. டப்டப்டப் என்று, பழைய மொபெட் ஒன்று தெருவைக் கடந்துபோய்க்கொண்டே இருப்பது போல. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கைகளைத் துடைத்துக்கொண்டு, யாரும் பாராட்டுவதற்கு வசதியாக ஒதுங்கி நின்றேன். சம்பந்தி மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்து, குனிந்து, மோட்டாரின் பக்கவாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சம்பந்தி, இது ஒண்ணுக்குப் போகுதா?"

"என்னது?"

"அப்பா ஓட்டுறப்ப, இந்தப் பக்கம் ஒரு ஓட்ட வழியா தண்ணி சள்ளுன்னு போய்க்கிட்டே இருக்கும். இப்ப ஒரு சொட்டக் காணும்." தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரியில இந்த நெஞ்சப் பத்தி ஒருத்தரும் கேக்கல. நர்ஸம்மா வந்து வந்து கேட்டது இது ஒண்ணுதான். போனீங்களா, எம்புட்டுப் போனீங்க. போகலைன்னா டாக்டரு ஓடி வந்துருவாரு."

அவர் சொன்னது சரி. கீழிருந்து இழுக்கும் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றிவந்து அந்த ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும். காய்ந்த வாடை அதற்குள் வர ஆரம்பித்திருந்தது. நிறுத்தினேன். ஆறியதும் காலைக் கழற்றி, தண்ணீர் ஏறும் குழாய்க்குள் கம்பியை விட்டேன். எதிலோ மாட்டியது. இழுத்தேன். சல்லாத் துணி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கருத்து, நனைந்து, சங்கிலிபோல.

சம்பந்தி அந்தத் துணியையே பார்த்தார். அவருடைய கை தானாகச் சட்டைப் பட்டனுக்குப் போனது.

"எனக்குள்ள எல்லாத்தையும் எண்ணித்தான எடுத்துருப்பாங்க?" என்றார்.

மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஈர வேட்டிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தாள். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்து என் தோளைத் தட்டினாள்.

"சூப்பர்ப்பா. ஓடவும் ஓடுச்சு, ஓட்டவும் முடியாது. இப்படி ஒரு வழி எனக்குத் தோணவே இல்ல."

"ஏட்டி, அது மறந்துபோயி..."

"என்கிட்டயுமா?" என்று கண்ணடித்துவிட்டுக் காப்பித் தட்டோடு வெளியே போனாள்.

கிளம்பும்போது சம்பந்தி என்னைத் தனியாக வாசல் பக்கம் அழைத்துப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மருமக உங்ககிட்ட பேசுனது எனக்குத் தெரியும் சம்பந்தி. ஆடியிலேயே தெரியும். எங்க வீட்டுச் சொவரு அம்புட்டு கனம் இல்ல. புள்ள பயந்துக்கிட்டுப் பேசுது, அதுல தப்பில்ல. ஆனா நீங்க துணிய வைக்க வேண்டியதில்ல. வேணாம்னு வாய்விட்டுச் சொல்லிருந்தா நான் கேட்டுருப்பேன்."

"சத்தியமா மறந்துதான் போனேன்" என்றேன்.

"நீங்களா? மறப்பீங்களா?" என்றார். வாழ்நாள் முழுவதும் நான் சம்பாதித்த நல்ல பெயர் அந்த இடத்தில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எத்தனையோ மறுப்பு அறிக்கைகளை எழுதியிருக்கிறேன். அவற்றை எல்லாரும் நம்பினார்கள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அண்டாவையும் ஏற்றச் சொல்லவில்லை. அது எங்கள் பின்கட்டிலேயே நின்றது.

மறுநாள் காலை முழு மோட்டாரையும் மறுபடி பிரித்தேன். எல்லா வழிகளிலும் கம்பி விட்டு, ஊதி, தண்ணீர் பாய்ச்சிப் பார்த்துப் பூட்டினேன். சம்பந்தியின் அண்டாவில், விசிறி இல்லாமல், ஓடவிட்டேன். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் மெலிதாக, வளைந்து, துணி துவைக்கும் கல்மேல் விழுந்தது. மனைவி பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போகுதே" என்றாள்.

அதை வீடியோ எடுத்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். சம்பந்தியிடமிருந்து பதிலே இல்லை. மகளிடமிருந்து உடனே போன்.

"அப்பா, என்ன இது?"

"நடவடிக்கை முடிஞ்சது."

நெடுநேரம் பேசினாள். நான் குறுக்கிடாமல் கேட்டேன். நான் துணியை வைத்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, அவர் கண்மாயில் இருப்பதே எனக்குச் சமாதானம் என்றேன். பிறகு நிபந்தனைகள் வந்தன: மிதவைச் சட்டை போட வேண்டும், போன் பிளாஸ்டிக் பையில் இருக்க வேண்டும், முதல் நாள் அவள் கரையில் நிற்பாள். மாமாவிடமும் மாப்பிள்ளையிடமும் அவளே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். நிபந்தனையோடு வரும் அனுமதி எனக்குப் பிடித்த வகை. உடனே ஒப்புக்கொண்டேன். கண்மாயில் மோட்டார் படகு ஓட்டலாமா என்று குத்தகைப் பத்திரத்தையும் பார்த்துவிட்டேன். அதில் மோட்டார் பற்றி எதுவுமில்லை. கேட்டால்தான் கூடாது என்பார்கள், ஆகவே கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு விடிகாலை. மலையில் மேகம் இறங்கியிருந்தது. கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. படகின் பின்பலகையில் மோட்டாரை மாட்டி இறுக்கினேன். சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு, படகில் ஏறி உட்கார்ந்தார். அண்டா நாளுக்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. கயிற்றை எடுத்துச் சக்கரத்தில் சுற்றினார்.

"மாமா, கைய எடுங்க" என்றாள் என் மகள்.

"ஏம்மா?"

"இழுக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் பேப்பர்ல போட்டுருக்கு. தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது."

மூன்று பேரும் அந்தக் கயிற்றைப் பார்த்தோம். துடுப்புப் போட முடியாதவருக்காக ஆடியிலிருந்து ஒரு மோட்டாரைச் சரி செய்திருக்கிறோம். அந்த மோட்டாரைக் கிளப்ப, துடுப்பைவிட முரட்டுத்தனமாக இழுக்க வேண்டும். என் வலது தோளுக்கு இது நன்றாகத் தெரியும். அது இரவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் இயற்பியல் படித்தவன், அவள் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள், அவர் ஊரில் பாதிக் கல்யாணத்துக்குக் கணக்காகப் பாத்திரம் அனுப்புபவர். ஒருவருக்கும் தோன்றவில்லை. கரையிலிருந்து யாராவது கிளப்பிவிடலாம். நடுவில் நின்றுவிட்டால்?

மகள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன். அவளும் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பந்தி கயிற்றை மெதுவாகச் சக்கரத்திலிருந்து அவிழ்த்தார். அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, பலகைமேல் வைத்தார்.

"சரி விடுங்க" என்றார். "இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு."

எழுந்திருக்கப் போனார். அவருடைய கை படகின் விளிம்பில் இருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன், பொதுவாக.

"எனக்குத் தெரியும்" என்றார் சம்பந்தி.

"தெரிஞ்சாலும் நீந்தக் கூடாது" என்றாள் மகள். "அதுவும் பேப்பர்ல இருக்கு." சொல்லிக்கொண்டே பையிலிருந்து இன்னொரு மிதவைச் சட்டையை எடுத்தாள். ஆன்லைனில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்களாம். அதை என் தலைவழியாகப் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது போலக் கொக்கிகளை இறுக்கினாள்.

"எம்புட்டு நாளைக்குட்டி இது?" என்றேன்.

"கம்மாயில தண்ணி வத்துற வரைக்கும்."

படகு நான் கால் வைத்ததும் ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்தது படகா நானா என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். கண்மாய் என்னை மதித்தது. இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. நீர்க்காகங்கள் மொத்தமும் கிளம்பிப் போயின. சம்பந்தி கைப்பிடியைத் திருப்ப, படகு கரையைவிட்டு நகர்ந்தது. எங்கள் வேகம் எப்படியென்றால், கரைமேல் சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திப் போனார். நடுவில் ஒருமுறை சம்பந்தி என் முழங்காலைத் தட்டி, மோட்டாரின் பக்கவாட்டைக் காட்டினார். தண்ணீர் மெலிதாக வளைந்து விழுந்துகொண்டிருந்தது.

"போகுது பாருங்க" என்றார். அண்டா நாளுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

நடுக்கண்மாய்க்கு வந்ததும் மோட்டாரை அணைத்தார். நான் பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அலைகூட இல்லை. மலை மொத்தமும் தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது.

"தீனி எங்க?" என்றேன்.

"என்ன தீனி?"

"மீனுக்கு."

"அது வீட்டுல சொல்றதுக்கு."

"அப்ப இங்க வந்து என்னதான் செய்வீக?"

"ஒண்ணும் செய்யிறதில்ல" என்றார். வலது கையைத் தண்ணீரில் விட்டு, மணிக்கட்டுவரை நனைய வைத்துக்கொண்டார். ஒரு தடவை மூச்சை முழுக்க இழுத்து விட்டார். நெஞ்சுத் தையலைப் பழக்கத்தால் தொடப் போன இடது கை, பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது.

கரையில் மகள் கையசைத்தாள். அவளுக்குக் கல்லூரி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்க வேண்டும். எனக்கும் அடியில் எவ்வளவு ஆழம் என்ற யோசனை விடவில்லை.

"போவமா சம்பந்தி?"

"செத்த நேரம்" என்றார், திரும்பாமல்.

நான் இல்லாமல் அவர் கரைக்குப் போக முடியாது. அவர் இல்லாமல் எனக்குப் படகைத் திருப்பவும் தெரியாது. கயிறு என் கையில் இருந்தது. அதைச் சுருட்டி, ஈரம் படாமல் மிதவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.